மன்னவனூர் ஏரியில் ஒரு விராலடிப்பான்

கொடைக்கானலில் கூட்டம் தாங்காமல் மேல்மலைப் பக்கம் வண்டியைத் திருப்புகிறவர்கள் இப்போது அதிகம். பூம்பாறையின் படிக்கட்டு வயல்களைத் தாண்டி, நகரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் போனால் மன்னவனூர். சரிவெல்லாம் பூண்டு, உருளை, கேரட், பீன்ஸ் வெள்ளாமை. இந்த மலைப்பூண்டுக்குத்தான் 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரை ஒட்டி மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; முயலும் வளர்க்கிறார்கள். புல்வெளி இறங்கி முடிகிற இடத்தில் ஏரி. வனத்துறையிடம் சீட்டு வாங்கிக்கொண்டு இறங்கலாம்.

ஜனவரி மாதக் காலை. புல் நுனியில் உறைபனி கரையாமல் இருந்தது. மலைக்காடுகளின் மேல் வட்டமிடும் கருங்கழுகு கண்ணில் படும் என்ற எண்ணத்தோடுதான் கரையோரமாக நடந்தோம். வந்தது வேறு ஆள்.

மேலே பழுப்பு, அடிவயிறு வெள்ளை, கண்ணை ஒட்டி மை தீட்டியது போல் ஒரு கறுப்புக் கோடு. தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்றது. பிறகு காலை முன்னால் நீட்டியபடி விழுந்தது. முதல் முறை வெறுங்காலோடு எழுந்து, உடம்பை நாய் போல உதறிக்கொண்டது. இரண்டாம் முறை காலில் ஒரு மீன். கெண்டை மாதிரி தெரிந்தது. பறந்துகொண்டே மீனின் தலை முன்னால் வரும்படி திருப்பிப் பிடித்தது. அப்படிப் பிடித்தால் காற்று தடுக்காது. வழுக்கும் மீன் நழுவாமலிருக்க இதன் உள்ளங்காலில் முள் முள்ளாக இருக்கும். வெளிவிரலைப் பின்பக்கமும் திருப்பிக்கொள்ளும்.

விராலடிப்பான்! பழவேற்காட்டிலும் சமவெளி அணைகளிலும் குளிர்காலத்தில் பார்க்கிற பறவை. வடக்கேயிருந்து வலசை வருவது. சுமார் 2,000 மீட்டர் உயரத்தில், பூண்டு வயலுக்குக் கீழே அதைப் பார்ப்போம் என்று யார் நினைத்தது?

செம்மறி மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கேட்டது ஒரே கேள்விதான்: "குட்டியைத் தூக்குமா தம்பி?"

தூக்காது. ஆட்டுக்குட்டி, கோழிக்குஞ்சு எதையும் சீண்டாது. ஏறக்குறைய மீன் மட்டும்தான் சாப்பாடு. "அப்போ இருந்துட்டுப் போகட்டும்" என்றார். மீன் குட்டை வைத்திருக்கும் வாசகர்கள் அவ்வளவு சுலபமாகச் சொல்லமாட்டார்கள் என்பது தெரியும். ஆனால் ஒரு பறவைக்கு நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மீன் போதும்.

மீனை மட்டும் நம்பி வாழ்வதே ஒரு காலத்தில் இதற்கு எமனானது. வயலில் அடித்த டி.டி.டி. தண்ணீரில் கலந்து, புழு பூச்சி, சிறுமீன், பெருமீன் என்று ஏறி, கடைசியில் இதன் உடம்பில் சேர்ந்தது. முட்டை ஓடு மெலிந்துபோனது. அடைகாக்க உட்கார்ந்த பறவையின் கனத்துக்கே முட்டைகள் நொறுங்கின. அமெரிக்காவில் கூடுகள் காலியாகிக்கொண்டே வந்தன; அங்கே 1972-ல் அந்த மருந்தைத் தடை செய்த பிறகு மெல்ல மெல்லப் பெருகின. நம் நாட்டில் 1989-ல் விவசாயத்துக்கு அதை நிறுத்தினார்கள், கொசு ஒழிப்புக்கு மட்டும் விட்டுவைத்தார்கள்.

ஏரியிலிருந்து மேலேறும்போது ஒரு பூண்டு வயலில் தெளிப்பான் ஓடிக்கொண்டிருந்தது. என்ன மருந்து என்று கேட்டேன். "கடையில குடுத்ததுங்க. மழை வந்தா எல்லாம் கீழ போயிடும், மறுபடி அடிக்கணும்" என்றார் வயல்காரர். கீழே என்று அவர் கை காட்டிய திசையில் ஏரி பளபளத்தது. வரப்போரம் புல்லை வெட்டாமல் விட்டிருந்த பக்கத்து வயலில் மண் அரிப்பு குறைவாகத்தான் தெரிந்தது. அதையும் அவரே காட்டினார்.

பார்க்க விரும்புகிறவர்கள் அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள். பரிசல் சவாரி தொடங்குவதற்கு முன்பே கரைக்கு வந்துவிடுவது நல்லது. தண்ணீருக்குப் பக்கத்தில் பட்டமரம் இருந்தால் அதன் உச்சியைப் பாருங்கள். பிடித்த மீனை அங்கேதான் உட்கார்ந்து தின்னும்.