பொலிஸ் தந்த தாளும் என் காரின் பின் லைட்டும்



இதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாளாக யோசித்தேன். எழுதினால் என் மானம் கொஞ்சம் போகும். பரவாயில்லை. ஊரில் இதை வாசிக்கிற நாலு பேராவது இன்று இரவு தங்கட வாகனத்தின் பின்பக்கத்தைப் போய்ப் பார்த்தால் எனக்குப் போதும்.

இரண்டு கிழமைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. மஃரிப் தொழுதுவிட்டு மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். சந்தியில் பொலிஸ் கைகாட்டி மறித்தது. சாரதி அனுமதிப்பத்திரம், இன்சூரன்ஸ், வருமான அனுமதிப்பத்திரம் மூன்றையும் எடுத்து நீட்டினேன். எல்லாம் சரி. எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமையும்தான். சார்ஜன்ட் டோர்ச்சை அடித்துக்கொண்டு காரின் பின்பக்கம் போனார். பிரேக்கை மிதிக்கச் சொல்லிச் சைகை காட்டினார். மிதித்தேன். திரும்ப மிதிக்கச் சொன்னார். மிதித்தேன்.

"சேர், பிட்டிபஸ்ஸே லைட் பத்து வென்னே நே" என்றார். பின் லைட் எரியுதில்லையாம். பிரேக் லைட் இரண்டும் இல்லை. வலப்பக்கப் பின் லைட்டும் இல்லை. இடப்பக்கத்தில் மட்டும் மங்கலாக ஒன்று.

தண்டப்பத்திரம்தான் எழுதப் போகிறார் என்று நினைத்தேன். அதுதான் நமக்குத் தெரிந்த விசயம். 14 நாளுக்குள் தபாற் கந்தோரில் காசைக் கட்டவேண்டும், பிந்தினால் இரட்டிப்பு, அதற்கும் பிந்தினால் கோடு. ஆனால் அவர் தண்டம் எழுதவில்லை. குறைபாட்டைத் திருத்தி ஏழு நாளுக்குள் காரைப் பொலிஸ் நிலையத்தில் கொண்டுவந்து காட்டவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். தாளைத் தரும்போது தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "இந்த லைட் சேருக்கு இல்ல. பின்னால வாற ஆளுக்கு."

அந்த நேரம் எனக்கு அது ஏறவில்லை. கோபம்தான் வந்தது. மனைவி, பிள்ளைக்கு முன்னால் நிறுத்தி வைத்துவிட்டார்கள். போகிற வருகிற ஆட்கள் எல்லாம் "சேரைப் பொலிஸ் புடிச்சிருக்கு" என்று திரும்பிப் பார்த்துப் போகிறார்கள். லைட்டே இல்லாத உழவு இயந்திரங்கள் நெல் மூட்டையோடு போகுது, அதெல்லாம் கண்ணில் படாதா என்று மனைவியிடம் புறுபுறுத்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து செய்த முதல் வேலை, ஒரு நண்பருக்குக் கோல் எடுத்ததுதான். பொலிஸில் பெரியவர்களைத் தெரிந்த ஆள். "நீங்க கவலப்படாதீங்க சேர், நான் பேசுறன். ஒரு லைட்டுக்குப் போய் உங்கள நிப்பாட்டுறதா" என்றார். மனம் ஆறியது. பிள்ளைகளுக்குச் சட்டத்தை மதிக்கச் சொல்லிக் கொடுக்கிற நான்தான் இது. மறைக்க ஒன்றுமில்லை.

மறுநாள் ஒன்பதாம் தரத்துக்கு விஞ்ஞானம். பாடம் மின்சுற்று. குமிழ்களைத் தொடராகத் தொடுத்தால் ஒன்று எரிந்துபோனதும் எல்லாமே அணையும். சமாந்தரமாகத் தொடுத்தால் ஒன்று போனாலும் மற்றது எரியும். வீட்டிலும் வாகனத்திலும் சமாந்தரமாகத்தான் தொடுத்திருக்கும். கரும்பலகையில் கீறிக் காட்டிவிட்டு, பிள்ளைகள் கொஞ்சம் சிரிக்கட்டுமே என்று நேற்றுப் பொலிஸ் பிடித்த கதையைச் சொன்னேன். "சமாந்தரத்தில ஒரு கெட்ட குணமும் இருக்கு பிள்ளைகள். ஒரு லைட் போனது சாரதிக்குத் தெரியவே தெரியாது. மற்றது எரிஞ்சுகொண்டுதானே இருக்கும். சேருக்கு ரெண்டாவதும் போயிட்டு, அதுவும் தெரியல்ல" என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது.

ஒருவன் சிரிக்கவில்லை. கடைசி வாங்கில் இருப்பவன். பெயர் வேண்டாம். அதற்கு முந்திய கிழமை மூன்று நாள் வரவில்லை. வந்தபோது வலது கையில் பண்டேஜ். கொப்பியில் ஒன்றும் எழுதவில்லை என்று நான் அவனைப் பேசியிருக்கிறேன். "சைக்கிள் ஓடித் திரியத் தெரியும், எழுதத் தெரியாதா" என்று கேட்டிருக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றான், பதில் சொல்லவில்லை.

மணி அடித்த பிறகு மேசையடிக்கு வந்தான்.

"சேர், கோவிக்க மாட்டீங்கதானே?"

"சொல்லு மகன்."

"அண்டைக்கு ராவு, அம்பாறையால வரக்குள்ள, மாடு குறுக்கால வந்து நீங்க நிப்பாட்டினீங்களே. பின்னால வந்தது நாங்கதான் சேர். வாப்பாவும் நானும்."

அந்த இரவு எனக்கு நினைவிருக்கிறது. அம்பாறை ஆஸ்பத்திரியில் ஒரு சொந்தக்காரரைப் பார்த்துவிட்டு இஷாவுக்குப் பிறகு வந்துகொண்டிருந்தேன். சம்மாந்துறைக்கு வருகிற வீதியின் இரண்டு பக்கமும் வயல். அறுவடை தொடங்கியிருந்த நாட்கள். கறுப்பு மாடு ஒன்று திடீரென்று ஏறிவிட்டது. சடாரென்று நிறுத்தினேன். பின்னால் ஏதோ சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். ஒரு வெளிச்சம் வயல் பக்கம் இறங்கியது. யாரோ வட்டைக்குள் திரும்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் போய்விட்டேன்.

அவர்கள் திரும்பவில்லை. விழுந்திருக்கிறார்கள்.

பிறகு அவனுடைய வாப்பா விளக்கமாகச் சொன்னார். முன்னால் ஒரேயொரு சிவப்பு வெளிச்சம், அதுவும் இடது கரையில். மோட்டார் சைக்கிள் ஒன்று ஓரமாகப் போகிறது என்று நினைத்து, முந்துவதற்கு வலப்பக்கம் எடுத்திருக்கிறார். அந்த வெளிச்சம் நின்றதும் அவருக்குத் தெரியாது, பிரேக் லைட்தான் இல்லையே. கிட்ட வந்தபோதுதான் தன் ஹெட்லைட்டில் முழுக் காரும் தெரிந்திருக்கிறது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகம் என்றால் ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 14 மீற்றர் போகும். அந்த ஒரு செக்கனில் அவர் வயலுக்குள் விட்டார். அல்ஹம்துலில்லாஹ், அந்த இடத்தில் மதகோ மின்கம்பமோ இருக்கவில்லை. சேறுதான் இருந்தது. மகனின் கை கல்லில் பட்டுக் கிழிந்தது.

"ஏன் மகன் எனக்குச் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"வாப்பா வாணாம் எண்டு சொன்ன சேர். ஒங்கட சேர், மரியாத இல்லாமப் போயிரும் எண்டு சொன்ன."

அந்த வகுப்பறையில் கொஞ்ச நேரம் கதிரையிலேயே இருந்தேன். பிறகு நண்பருக்குக் கோல் எடுத்தேன். யாரிடமும் பேசவேண்டாம், நானே போகிறேன் என்றேன். "ஏன் சேர், நான் சொல்லிட்டேனே" என்றார். "சொன்னதைத் திரும்ப எடுத்திருங்க" என்றேன்.

அன்றைக்குப் பின்னேரம் காரை வயரிங் பாஸிடம் கொண்டுபோனேன். பின்பக்கக் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார். அந்தக் குமிழுக்குள் இரண்டு இழை. இரவில் சாதாரணமாக எரிவது 5 வாட் இழை. பிரேக் மிதித்தால் எரிவது 21 வாட் இழை. இடப்பக்கக் குமிழில் 21 வாட் இழை அறுந்திருந்தது, மற்றது மட்டும் எரிந்தது. வலப்பக்கத்தில் குமிழ் நல்லது, ஆனால் ஹோல்டர் முழுக்கப் பச்சை பிடித்திருந்தது. நம்மட கடற்கரைக் காற்று செம்புக்கும் தகரத்துக்கும் என்ன செய்யும் என்று வீட்டுக் கதவுக் கொண்டியைப் பார்த்தாலே தெரியும். "ஏர்த் போகல்ல சேர், அதான். வலப்பக்கம் செத்து ரெண்டு மூணு மாசம் இருக்கும்" என்றார். புவித்தொடுப்பைப் பற்றி வருடா வருடம் படிப்பிக்கிற நான் அவர் பிடித்த டோர்ச் வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஹோல்டர், இரண்டு குமிழ், கூலி எல்லாம் சேர்த்து 3,200 ரூபா. அரை மணித்தியால வேலை.

பாஸுக்குப் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஓம் சேர், ஒங்கட பிரேக் லைட் எரியிறல்ல எண்டு நானும் கண்டன். பள்ளிக்கு வரக்குள்ளயும் போகக்குள்ளயும் பாக்கிறதானே" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "சேர் ஆளுக்கு எப்படிச் சொல்ற?" என்றார்.

இதுதான் என்னைத் தூங்கவிடாத விசயம். இரண்டு மூன்று மாதமாக இந்தக் காருக்குப் பின்னால் எத்தனை பேர் வந்திருப்பார்கள்? படிப்பித்த பிள்ளைகள், பள்ளி நிருவாகத்தில் இருப்பவர்கள், சக ஆசிரியர்கள், சொந்தக்காரர்கள். எல்லோரும் கண்டிருக்கிறார்கள். ஒருவரும் சொல்லவில்லை. சொன்னது என்னைத் தெரியாத, என் மொழி பேசாத ஒரு சார்ஜன்ட். அவரோடுதான் எனக்குக் கோபமும் வந்தது.

அவர்களில் பிழையில்லை. பிழை என்னில்தான். ஒருவர் என் குறையைச் சொன்னால் நான் எப்படி முகம் வைப்பேன் என்று ஊருக்குத் தெரிந்திருக்கிறது. பாதையில் கிடக்கிற இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு பகுதி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். முள்ளும் கல்லும்தான் நம் நினைவுக்கு வருகிறது. அந்த இரவு அந்த வீதியில் இடையூறாக நின்றது என் கார்.

செவ்வாய்க்கிழமை அஸருக்குப் பிறகு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். வாப்பா வட்டைக்குப் போய் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறிப்போய்க் கதிரை எடுத்துப் போட்டார். மன்னிப்புக் கேட்டேன். "என்ன சேர் நீங்க, புள்ளைக்குப் படிச்சுக் குடுக்கிற மனிசன்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மோட்டார் சைக்கிளின் முன் மட்கார்ட் உடைந்து கயிற்றால் கட்டியிருந்தது. அதைத் திருத்தித் தருகிறேன் என்றேன். வேண்டவே வேண்டாம் என்றார். தேத்தண்ணி குடித்து முடியும்வரை இழுபறி. கடைசியில் அவர் சொன்னார்: "சேர், உண்மையச் சொல்லப்போனா என்ட பைக்கிலயும் பின் லைட் எரியிறல்ல. அதையும் சேர்த்துக் காட்டுவமா?"

இருவரும் சிரித்துவிட்டோம். அடுத்த நாள் அதே பாஸிடம் இருவரும் போனோம்.

வியாழக்கிழமை பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். யாரையும் பிடிக்கவில்லை, யாருடைய பெயரையும் சொல்லவில்லை. அதே சார்ஜன்ட் வெளியே வந்து, பின்னால் நின்றுகொண்டு பிரேக்கை மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். கட்டைவிரலைக் காட்டினார். தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவரிடம் அந்த இரவுக் கதையைச் சொல்ல நினைத்தேன். என் சிங்களத்துக்கு அது முடியாது. நன்றி மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

இனி உங்களிடம் கேட்கிறேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனத்துக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இப்போதும் விலையைக் கேட்டால் நம்மால் கிட்டப் போக முடியாது. பழையதைத்தான் ஓடுகிறோம். வருடா வருடம் புகைப் பரிசோதனை செய்து வருமான அனுமதிப்பத்திரம் எடுத்ததும் வாகனம் சரி என்று நினைக்கிறோம். அங்கே பார்ப்பது புகையை. லைட்டை நாம்தான் பார்க்கவேண்டும்.

வேலை ஒன்றுமில்லை. இரவில் காரைச் சுவர்ப் பக்கம் பின்னாக நிறுத்திப் பிரேக்கை மிதியுங்கள். சுவரில் இரண்டு சிவப்பு விழவேண்டும். இல்லாவிட்டால் ஒரு பிள்ளையைப் பின்னால் நிற்கச் சொல்லி, பிரேக், இரண்டு பக்கச் சிக்னல், பின் லைட், ரிவர்ஸ் என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் கேளுங்கள். முன்னால் ஹெட்லைட் இரண்டும் எரிகிறதா என்றும் பாருங்கள். ஒன்று மட்டும் எரிந்தால் எதிரே வருபவர் உங்களை மோட்டார் சைக்கிள் என்றுதான் கணக்கெடுப்பார். ஒரு குமிழ் போனால் மற்றது போகும்வரை காத்திருக்காதீர்கள். மோட்டார் சைக்கிள், ஆட்டோ ஓடுகிறவர்களும் பாருங்கள். அறுவடைக்குப் பெட்டி இழுக்கிற தம்பிமார், பெட்டியின் பின்பக்கம் இரண்டு மூலையிலும் ஒளி தெறிக்கிற சிவப்பு ஸ்டிக்கராவது ஒட்டுங்கள். மூட்டை அடுக்கினால் அது மறையாத இடமாகப் பார்த்து ஒட்டுங்கள்.

இன்னொன்று. யாருடைய வாகனத்திலாவது லைட் எரியாததைக் கண்டால் சொல்லுங்கள். அதிபராக இருந்தாலும், மௌலவியாக இருந்தாலும், ஹாஜியாராக இருந்தாலும் சொல்லுங்கள். சலாம் சொல்லி ஒரு சொல்லில் சொல்லிவிட்டுப் போங்கள். அதில் மரியாதை குறையாது.

என் காரின் நிறம் உங்களுக்குத் தெரியும். நான் போகிற வீதியும் தெரியும். பின்னால் வரும்போது ஏதாவது எரியாவிட்டால் ஹோன் அடித்து நிறுத்திச் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், முகம் சுளிக்க மாட்டேன்.

அந்தப் பிள்ளையின் கை ஆறிவிட்டது. நேற்று கொப்பியைக் கொண்டுவந்து காட்டினான். விட்ட பாடம் முழுக்க எழுதியிருக்கிறான். சமாந்தரச் சுற்றை அழகாகக் கீறியிருக்கிறான்.

வஸ்ஸலாம்.