அளந்து பார்த்த பிறகு

யந்திரம் நின்றுவிட்டால் மனிதன் முதலில் குற்றவாளியைத் தேடுகிறான். திருப்புளியைப் பிறகுதான் தேடுகிறான். நமது இந்த நெடுநாளைய அபிப்பிராயம், சென்ற ஐப்பசியில் பெரம்பலூர்ப் பக்கத்திலுள்ள மைத்துனரின் பருத்திக் கொல்லையில் ருஜுவாயிற்று.

மைத்துனர் தம் டிராக்டரின் பின்னால் மருந்து தெளிக்கும் கருவி ஒன்றைப் பூட்டியிருக்கிறார். அதற்குச் சிறகுகளைப் போல இரண்டு நீண்ட கைகள். பொத்தானை அமுக்கினால் மின்சாரம் ஒரு கம்பிச் சுருளைக் காந்தமாக்கும். அந்தக் காந்தம் வால்வுக்குள் இருக்கும் தண்டை நகர்த்தும். வழி திறந்ததும் எண்ணெய் பாய்ந்து கையை விரிக்கும். அன்று வலது கை விரிந்தது. இடது கை அசையவில்லை. செடிகளிலோ பூச்சி ஏறிக்கொண்டிருந்தது.

"போன வாரம் இவன்தான் வேப்பமரத்தில் இடித்தான். வால்வு போய்விட்டது. புதிதின் விலையை இவன் சம்பளத்தில் பிடிக்கப் போகிறேன்" என்றார் மைத்துனர்.

டிரைவர் பையன் தலை குனிந்து நின்றான். மரத்தில் இடித்தது உண்மை. ஆகையால் அவனுக்குப் பேச வாயில்லை. சொல்ல வெட்கமாயிருக்கிறது, நாமும் 'ஆம், ஆம்' என்று தலையாட்டினோம்.

மின்சார மேஸ்திரி வந்தார். எண்ணெய்க் குழாயைத் தடவிப் பார்க்கப் போன நம்மைத் தடுத்தார். "ஐயா, வேண்டாம். உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அளவுக்கு அழுத்தம் இருக்கும். ஊசித் துளையில் பீறிட்டாலும் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும்."

எல்லோரையும் விலகி நிற்கச் சொல்லிவிட்டு, வால்வின் முனையிலுள்ள சிறு ஊசியைக் கருவியொன்றால் அழுத்தினார். இடது கை சாவதானமாக விரிந்தது! எண்ணெயும் வால்வும் நிரபராதிகள்.

அடுத்தபடியாக இரண்டு சுருள்களையும் அளந்தார். இரண்டிலும் 5 ஓம். சுருளும் நிரபராதி. பிறகு இடது சுருளின் இணைப்பைக் கழற்றி, வரும் மின்சாரத்தைப் பார்த்தார். மீட்டர் 12 வோல்ட் காட்டியது.

"எல்லாம் சரியாயிருக்கிறதே!" என்றோம் நாம்.

"சுமை இல்லாதபோது எல்லாரும் பலசாலிதான், ஐயா" என்று சொல்லி, இணைப்பைப் பொருத்தி மறுபடி அளந்தார். 12 வோல்ட் 4-ஆக இறங்கிவிட்டது.

கம்பியைத் தொடர்ந்து போனார். இடது சுருளின் மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி, இரும்புச் சட்டத்தில் ஒரு மறையால் முடுக்கப்பட்டிருந்தது. தெளிமருந்து பட்டுப் பட்டு அதன் தாமிர முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அவ்வளவுதான்! உப்புத்தாளால் தேய்த்து, மறையை இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். பொத்தானை அமுக்கியதும் கை விரிந்தது. மரத்தில் இடித்ததற்கும் இதற்கும் எள்ளளவும் சம்பந்தமில்லை.

மைத்துனர் சற்று நேரம் பருத்திச் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "தம்பிக்கும் ஒரு காப்பி கொண்டு வா!" என்று குரல் கொடுத்தார். அவர் அவனைத் 'தம்பி' என்றழைத்து நாம் கேட்டது அதுவே முதல் தடவை.

பையன் காப்பியைக்கூடக் கவனிக்கவில்லை. "அண்ணே, அந்த மீட்டரை எப்படிப் பிடிக்கிறது?" என்று மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. தலையாட்டுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.