எட்டு வினாடியும் 14 வளைவுகளும்: வேலூர் – ஆம்பூர் – ஏலகிரி சைக்கிள் பயணம்

2026 ஜனவரியில் புனேயில் நடந்த சைக்கிள் பந்தயத்தைப் பார்த்தீர்களா? பல நாள், பல கட்டங்களாக நடந்த பந்தயம். மொத்தம் 437 கிலோமீட்டர். வெளிநாட்டு அணிகள் வந்து, நம் ஊர்ச் சாலைகளில் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் பறந்தார்கள். சர்வதேச சைக்கிள் சங்கத்தின் பட்டியலில் இடம்பெற்ற பந்தயம் என்பதால் நாடு முழுவதும் பேச்சானது.

அதைப் பார்த்த பிறகு எங்கள் அலுவலகத்தில் ஒரு விவாதம். 'இப்படி ஒரு பந்தயம் தமிழ்நாட்டில் நடந்தால் எந்த ரூட்டில் விடலாம்?' ஊட்டி, கொடைக்கானல் என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். நான் சொன்னது வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஏலகிரி. சொன்னதோடு நிற்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கியர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியும் விட்டேன்.

சமவெளியில் முந்த முடியாது

வேலூர் கோட்டையைத் தாண்டி சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறினால், ஆம்பூர் வரை சுமார் 50 கிலோமீட்டர். பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. சாலைக்குத் துணையாகப் பாலாறு, தள்ளித் தள்ளி மலைகள். காலை ஆறு மணிக்கு வெயிலும் இல்லை, லாரிகளும் குறைவு.

இதுபோன்ற சமவெளியில் பந்தய வீரர்கள் கூட்டமாகத்தான் போவார்கள். காரணம் காற்று. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, பின்னால் ஒட்டி வருகிறவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு மிச்சம். அதனால் ஒருவர் தனியாகப் பிய்த்துக்கொண்டு ஓடினாலும், கூட்டம் மாற்றி மாற்றி மிதித்துப் பெரும்பாலும் பிடித்துவிடும். எனக்கு முன்னால் கூட்டம் இல்லை. எதிர்காற்று முழுவதும் என் நெஞ்சில்தான்.

பல கட்டப் பந்தயத்தில் தினமும் யார் முதலில் வந்தார் என்பது ஒரு கணக்கு. எல்லா நாளும் சேர்த்து யாருக்கு மொத்த நேரம் குறைவு என்பது இன்னொரு கணக்கு. கோப்பை அந்த இரண்டாவது கணக்குக்குத்தான். ஒரு கட்டத்தில்கூட முதலில் வராதவர் மொத்தப் பந்தயத்தை ஜெயிப்பதும் உண்டு.

பள்ளிகொண்டாவில் டீ குடிக்க நின்றபோது மணி ஏழேகால் தாண்டியிருந்தது. கிட்டத்தட்ட 24 கிலோமீட்டர். இதே அளவு தூரம்தான் 1989-ல் உலகத்தின் மிகப் பெரிய சைக்கிள் பந்தயத்தைத் தீர்மானித்தது.

அந்த எட்டு வினாடி

டூர் டி பிரான்ஸ், 1903-ல் ஒரு பத்திரிகை தன் விற்பனையைக் கூட்டுவதற்காகத் தொடங்கிய பந்தயம். மூன்று வாரம் நடக்கும். மொத்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவருக்கு மஞ்சள் ஜெர்ஸி. அந்தப் பத்திரிகையின் தாள் நிறம் மஞ்சள்!

1989-ல் பிரான்ஸின் லோரான் ஃபின்யோனும் அமெரிக்காவின் கிரெக் லெமாண்டும் மஞ்சள் ஜெர்ஸியை மாறி மாறிப் பறித்துக்கொண்டார்கள். லெமாண்டுக்கு 1987-ல் வேட்டையின்போது குண்டடி பட்டு, உடம்பில் துகள்கள் இன்னும் மிச்சம் இருந்தன. கடைசி நாளன்று ஃபின்யோன் 50 வினாடி முன்னிலை. மிச்சம் இருந்தது வெர்சாய் நகரிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீட்டர், ஒவ்வொருவரும் தனித்தனியாக ஓட்டும் போட்டி. அவ்வளவு குறைந்த தூரத்தில் 50 வினாடியை மீட்க முடியாது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

லெமாண்ட் காற்றைத் தவிர்க்கும் ஹேண்டில்பாரும் நீண்ட ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு, 26 நிமிடம் 57 வினாடியில் முடித்தார். ஹெல்மெட் இல்லாமல் குடுமி பறக்க வந்த ஃபின்யோனுக்கு அவரைவிட 58 வினாடி அதிகம். 3,285 கிலோமீட்டர் ஓடிய பிறகு வித்தியாசம் வெறும் எட்டு வினாடி. அந்தப் பந்தய வரலாற்றில் இன்றுவரை இதுதான் மிகக் குறைந்த வித்தியாசம்.

ஹேண்டில்பாரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். ஆனால், ஃபின்யோனுக்கு இன்னொரு பிரச்னையும் இருந்தது. கடைசி நாள்களில் சீட் உரசி உரசிப் புண் வந்து, சைக்கிளில் உட்காரவே அவர் சிரமப்பட்டார்.

ஆம்பூருக்கு என்ன சம்பந்தம்?

ஆம்பூரில் பிரியாணி வாசனை வருவதற்கு முன்பே தோல் வாசனை வந்துவிடும். இங்கே தைக்கும் ஷூக்கள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகின்றன. பஜார் பக்கம் ஒரு சைக்கிள் கடையில் காற்று பிடிக்க நிறுத்தினேன். கடைக்கார பாய் என் சீட்டைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, இந்தக் கல்லு மேல உக்காந்துகினா வேலூர்லேர்ந்து வர்றே?"

"ஆமா பாய், இப்பவே வலிக்குது."

"அந்தக் காலத்துல தோல் சீட்டு. நாலு மாசம் ஓட்டுனா நீ உக்கார்ற மாதிரி அதுவே வளைஞ்சுக்கும்."

அவர் சொன்னது ஐரோப்பியப் பந்தயங்களுக்கும் பொருந்தும். பல பத்தாண்டுகள் அந்த வீரர்கள் உட்கார்ந்தது தடித்த தோல் சீட்டில். அணிந்தது தோல் ஷூ. டிரவுசரின் உள்ளே மென்மையான ஆட்டுத்தோல் பட்டை. தலையில் தோல் வார்களால் ஆன கவசம். இப்போது எல்லாம் செயற்கை இழைக்கு மாறிவிட்டது. ஆனால், விஷயம் மாறவில்லை. மூன்று வாரம் தினமும் ஐந்து மணி நேரம் உட்காருகிறவருக்கு ஒரு தையல் உறுத்தினால் போதும். பந்தயமே கைவிட்டுப் போகலாம்.

ஷூ கம்பெனிகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் இந்தத் தையலைத்தான் நாள் முழுக்கப் பார்க்கிறார்கள். எட்டு வினாடியின் மதிப்பு இந்த ஊருக்குப் புரியும்.

கேமரா எதைக் காட்டும்?

வாணியம்பாடி போகும் வழியில் இன்னொன்று தோன்றியது. பெரிய பந்தயங்களில் ஹெலிகாப்டரிலிருந்து படம் பிடிப்பார்கள். கோட்டை, ஆறு, வயல் என்று அந்த ஊரே உலகத்துக்குத் தெரியும். இங்கே மேலிருந்து பார்த்தால் என்ன தெரியும்? அகலமான பாலாறு; பெரும்பாலான மாதங்களில் வெறும் மணல்.

ஒரு காலத்தில் இந்தப் பகுதிகளில் ஆவாரம் பட்டையைப் போட்டுத் தோல் பதப்படுத்தினார்கள். பிறகு குரோமியம் வந்தது. வேலை பெருகியது, கழிவும் பெருகியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம், 'மாசுபடுத்துகிறவரே அதற்கான விலையைத் தர வேண்டும்' என்று தீர்ப்பளித்தது. இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கும் தீர்ப்பு அது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனாலும் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி இதே பாலாற்றுக்காக உத்தரவு போட வேண்டியிருந்தது. முப்பது ஆண்டுகளாக முடியாத நீண்ட பந்தயம் இது.

கவிஞர்களும் வள்ளல்களும்

ஜோலார்பேட்டை அருகே பொன்னேரியில் ஏலகிரி மலைச்சாலை தொடங்குகிறது. 14 கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களை வைத்திருக்கிறார்கள். திருவள்ளுவர், இளங்கோ, பாரி, ஓரி என்று பெயர்ப் பலகையைப் படித்துக்கொண்டே மூச்சு வாங்கலாம்.

பல கட்டப் பந்தயத்தின் தலையெழுத்தை மாற்றுவது பெரும்பாலும் இதுபோன்ற மலைதான். வேகம் குறைந்துவிடுவதால் அடுத்தவர் முதுகில் ஒளிந்து பெரிதாக லாபம் இல்லை. அவரவர் எடை, அவரவர் கால். சமவெளியில் வினாடிக் கணக்கில் இருந்த இடைவெளி இங்கே நிமிடக் கணக்காகும். ஒன்பதாவது வளைவில் நான் இறங்கித் தள்ள ஆரம்பித்தேன். முல்லைக் கொடிக்குத் தேர் கொடுத்த பாரி எனக்கு ஒரு தேர் கொடுத்திருக்கலாம்!

ரூட் ரெடி. சாலை?

தமிழ்நாட்டு மலைகளுக்கு சைக்கிள்காரர்கள் புதிதல்ல. 2008-ல் தொடங்கிய 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' பல நாள் பயணத்தில், கல்லட்டியின் 36 வளைவுகளையும் ஏறுகிறார்கள். சமவெளியும் மலையும் ஒரே நாளில் கிடைக்கும் இந்தத் தோல் பூமியிலும் ஒரு பந்தயம் நடக்கலாம்.

ஆனால், பந்தயத்துக்குச் சாலையை மூடிவிடுவார்கள். மற்ற நாள்களில்? போகும் வழியில் பால் கேனோடும் டிபன் கேரியரோடும் ஓரமாக மிதித்துப் போனவர்களைப் பார்த்தேன். சர்வீஸ் ரோடு திடீரென்று முடியும் இடங்களில், அவர்கள் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவேதான் நுழைய வேண்டும். ஒரு நாள் பந்தயத்துக்கு வழவழப்பாகச் சாலை போடும்போது, ஓரத்தில் சைக்கிளுக்கு நான்கு அடியும் சேர்த்துப் போட்டால் அந்தப் பந்தயத்தில் ஊரே ஜெயித்த மாதிரி.

போகிறீர்களா?

* நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல நேரம். வேலூர் கோடை வெயில் சைக்கிளுக்கு ஆகாது.
* நெடுஞ்சாலையில் ஹெல்மெட்டும், பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்கும் கட்டாயம். முடிந்தவரை சர்வீஸ் ரோடு.
* குழந்தைகளோடு போகிறவர்கள் ஏலகிரி மேலே தங்கி, மலை மீதுள்ள ஊர்களுக்குள் மட்டும் ஓட்டலாம்.
* மலையிலிருந்து இறங்கும் முன் பிரேக்கைச் சோதியுங்கள்.
* ஆம்பூர் பிரியாணி திரும்பி வரும்போது. சாப்பிட்டுவிட்டு ஏலகிரி ஏறுவது லெமாண்டுக்கே கஷ்டம்!