அன்பரிய்யாவின் பழைய இரயில் நிலையம்

மதீனா செல்லும் நம் ஊர் உம்ராக் குழுவினரைக் குபா, உஹது, கிப்லதைன் ஆகிய இடங்களுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். மஸ்ஜிதுந் நபவீயிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய அன்பரிய்யாப் பகுதியில் பழைய இரயில் நிலையம் ஒன்றும் நிற்கிறது. அதைக் காணச் செல்வோர் சிலரே. வளைவுகளோடு கூடிய கற்கட்டடம். அருகிலேயே உதுமானியர் காலத்துச் சிறிய பள்ளிவாசல். இன்று அந்நிலையம் அருங்காட்சியகமாக இருக்கிறது. நம் முன்னோரின் தலைமுறையினர் மனமுவந்து அளித்த பொருளும் அதன் கற்களில் கலந்திருக்கிறது என்பதை நம்மில் பலர் அறியார்.

1900ஆம் ஆண்டு, டமாஸ்கஸ் நகரிலிருந்து ஹிஜாஸுக்கு இருப்புப்பாதை அமைக்கப்படும் என உதுமானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது அறிவித்தார். அக்காலத்தில் டமாஸ்கஸிலிருந்து ஒட்டகக் கூட்டத்தோடு மதீனா வந்து சேர ஏறத்தாழ 40 நாட்கள் ஆயின. வழிநெடுகத் தாகமும் நோயும் கொள்ளையும் ஹாஜிகளை வாட்டின. ஐரோப்பிய வங்கிகளிடம் கடன் பெறாமல் முஸ்லிம்களின் பொருளைக் கொண்டே பாதையை முடிப்பது என்று தீர்மானிக்கப்பட்டது. அரசு ஊழியரின் சம்பளத்தில் பிடித்தம், முத்திரைத்தாள் வரி ஆகியவற்றோடு குர்பானித் தோல் விற்ற பணமும் இந்நிதியில் சேர்ந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் உருதுப் பத்திரிகைகள் நன்கொடை திரட்டின. ஹஜ்ஜுப் பெருநாளன்று தோல் சேகரிக்க வீடு வீடாகச் செல்லும் நம் மதரஸாப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது அவர்களுடைய கண்கள் விரிந்தன.

ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1908 செப்டம்பர் 1ஆம் நாள் மதீனாவில் திறந்து வைக்கப்பட்டது. தலைமைப் பொறியாளராக இருந்தவர் மைஸ்னர் என்னும் ஜெர்மானியர். எனினும் அல்உலாவுக்குத் தெற்கே மதீனா வரையிலான பணியை முஸ்லிம் பொறியாளர்களே செய்து முடித்தனர். 40 நாள் பயணம் மூன்று, நான்கு நாட்களாகச் சுருங்கியது. மக்கா வரை பாதையை நீட்டும் திட்டமோ நிறைவேறவில்லை.

ஆயினும் அந்த இருப்புப்பாதை ஹாஜிகளுக்காக மட்டும் போடப்பட்டதன்று. படைகளை விரைந்து அனுப்புவதும் அரசின் நோக்கங்களுள் ஒன்று. ஒட்டகங்களை வாடகைக்கு விட்டு வாழ்ந்த பாலைவனக் குலத்தார் தம் பிழைப்புப் பறிபோவதைக் கண்டு தொடக்கத்திலிருந்தே அதை எதிர்த்தனர். 1916இல் அரபுக் கிளர்ச்சி மூண்டபின் தண்டவாளங்களும் பாலங்களும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. மதீனா முற்றுகைக்குள்ளானபோது, ஹாஜிகளைக் கொண்டுவந்த அதே இரயில் மதீனாவாசிகள் பலரை அவர்களுடைய இல்லங்களிலிருந்து பிரித்துச் சிரியாவுக்கு ஏற்றிச் சென்றது. 1919 ஜனவரியில் நகரம் கைமாறிய பின் மதீனாப் பகுதியில் இரயில் ஓட்டம் விரைவில் நின்றுபோயிற்று. 1960களில் பாதையைச் சீர்செய்ய மேற்கொண்ட முயற்சியும் 1967ஆம் ஆண்டுப் போரோடு நின்றது.

இவ்வரலாற்றைப் பாடத்தில் கூறி முடித்ததும் ஒரு மாணவர் எழுந்து கேட்டார்: “அப்படியென்றால், அந்த ஏழைகள் கொடுத்த காசெல்லாம் வீணாகிவிட்டதா, ஹஜ்ரத்?”

நல்ல கேள்வி. விடையை நாம் இரண்டாகப் பிரித்துச் சொன்னோம். கொடுத்தவரின் கூலி அவருடைய நிய்யத்தைப் பொறுத்தது. தண்டவாளம் பெயர்ந்து போனதால் அல்லாஹ்விடத்தில் அவருடைய நன்மை பெயர்ந்துவிடாது. ஆனால் பெற்றுக்கொண்டவரின் பொறுப்பு வேறு. அது அமானிதம். கொடுத்தவர் எந்த நோக்கத்திற்காகக் கொடுத்தாரோ அதற்கே அது பயன்பட்டதா என்று அவர் கேட்கப்படுவார். ஹாஜிகளுக்கென்று வந்த பொருளில் போருக்குரிய வழியும் சேர்ந்தே அமைந்ததால், போர் வந்தபோது ஹாஜிகளின் வழியும் சேர்ந்தே அழிந்தது. நம் பார்வையில் இதுவே அந்நிலையம் தரும் பாடம்.

இரயில் நின்றபின் அந்தக் கட்டடத்தை இடித்துத் தள்ளாமல், செப்பனிட்டு, மதீனாவின் வரலாற்றைக் கூறும் இடமாக ஆக்கியது போற்றத்தக்கது. பழைய இயந்திரங்களையும் பெட்டிகளையும் அங்கே காணலாம். 2018 அக்டோபர் முதல் ஹரமைன் அதிவேக இரயில், மக்கா - மதீனா இடையே ஏறத்தாழ 450 கிலோமீட்டர் தொலைவை இரண்டரை மணி நேரத்திற்குள் கடக்கிறது. அன்று கைவிடப்பட்ட மக்கா - மதீனா இணைப்பு நூறாண்டுகளுக்குப் பின் வேறொரு நிலையத்திலிருந்து, வேறொரு பாதையில் கைகூடியது. சென்ற பயணத்தில் நாம் இரண்டையும் ஒரே நாளில் கண்டோம். பழைய நிலையத்தில் நினைவு காக்கப்படுகிறது. புதிய நிலையத்தில் பயன் தொடர்கிறது.

ஹிஜாஸ் இரயில் பாதை முஸ்லிம்களின் வக்ஃப் என்றே பலராலும் கருதப்பட்டு வந்தது. பயனற்றுப்போன வக்ஃபை விற்பதில் ஷாஃபிஈ மத்ஹப் மிகுந்த கண்டிப்புக் காட்டுகிறது. ஹனஃபீ மத்ஹபிலோ, நிபந்தனைகளோடு, காழியின் அனுமதி பெற்று, அதனினும் பயனுள்ளதாக மாற்றிக்கொள்ள இடமுண்டு. வழி வேறாயினும், வக்ஃபு செய்தவரின் நோக்கம் காக்கப்பட வேண்டும் என்பதில் இரு மத்ஹபினரும் ஒன்றுபடுகின்றனர்.

நம் ஊர்களிலும் பயணிகளுக்கென்று முன்னோர் கட்டிவைத்த முசாஃபிர்கானாக்கள் உண்டு. சில பூட்டிக் கிடக்கின்றன. சில கடைகளாகிவிட்டன. அவற்றின் வாசலில் பெயர்ப்பலகையைப் புதுப்பிப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. ஊருக்குச் சிகிச்சைக்கு வந்து இரவில் தங்க இடமின்றி இரயில் நிலைய மேடையில் படுத்திருக்கும் ஒருவருக்கு அங்கே பாய் விரிக்க முடிந்தால், கட்டியவரின் நோக்கம் உயிர்பெறும். ஜமாஅத் நிர்வாகிகள் இது குறித்து ஆலோசிக்க வேண்டுகிறோம்.

நம் முன்னோரின் கொடைகளை வல்ல அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. அவற்றின் அமானிதத்தைப் பேணுவோராக நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.