மூன்றாவது ஓட்டு

என் பாட்டி மூன்று விதமான தேர்தல்களில் ஓட்டுப் போட்டவர். நாடாளுமன்றம், சட்டமன்றம், அப்புறம் ஜார்ஜ்டவுன் மாநகர் மன்றம். எனக்குக் கிடைத்தது இரண்டுதான். மூன்றாவது எங்கே போனது என்று கேட்டால், "அதெல்லாம் கொன்ஃப்ரொந்தாசி நேரத்துல நிப்பாட்டிட்டாங்கய்யா" என்று முடித்துக்கொள்வார்.

ஓட்டை நிறுத்தியவர்கள் வரியை நிறுத்தவில்லை. மதிப்பீட்டு வரியை மலாயில் 'சுக்காய் பிந்து' என்பார்கள், கதவு வரி. பிப்ரவரி முடிவதற்குள் ஒன்று, ஆகஸ்டு முடிவதற்குள் ஒன்று. பிந்தினால் தண்டம் உண்டு என்பதால் தமிழிலும் அந்தப் பெயர் பொருந்திவிடுகிறது. சாக்கடை, தெருவிளக்கு, சந்தை, திடல், அங்காடிக்கடை உரிமம் எல்லாம் இந்தப் பணத்தை வாங்குகிறவர்களின் கையில் இருக்கிறது. ஆனால் சாக்கடை அடைத்தால் நாம் ஓடுவது நாடாளுமன்ற உறுப்பினரிடம். அவரும் பாவம், சட்டம் இயற்றப் போனவர், காலணியைக் கழற்றிவிட்டுச் சாக்கடை ஓரம் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்.

பாட்டி சொன்னதை வைத்துக்கொண்டு தேடினேன். மலாயாவில் முதல் நகராண்மைத் தேர்தல் நடந்ததே ஜார்ஜ்டவுனில்தான், 1951 டிசம்பர் 1. பதினைந்து இடங்களில் ஒன்பதுக்கு மட்டும் தேர்தல். 1956 வாக்கில் முழு மன்றத்தையும் மக்களே தேர்ந்தெடுத்தார்கள். 1957 ஜனவரி 1 அன்று ஜார்ஜ்டவுன் மாநகரானது, சுதந்திரத்துக்கு எட்டு மாதம் முன்பே. அந்த மன்றம் வெறும் குப்பை அள்ளும் இலாகா இல்லை. மின்சாரமும் தண்ணீரும் அதனுடையது. பேருந்து ஓட்டியது, அடுக்குமாடி வீடு கட்டியது, 1962-இல் முடிந்த ஆயர் ஈத்தாம் அணையும் அதன் வேலைதான். வருமானத்தில் மாநில அரசையே மிஞ்சி நின்றது. மேலே இருப்பவர்களுக்கு அது எப்படி உறுத்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், அதுவும் மன்றம் எதிர்க்கட்சியின் கையில் இருக்கும்போது.

முதல் மேயர் தொழிற்கட்சியின் டி. எஸ். இராமநாதன். "மேயரே நம்ம ஆளுதான் அப்ப" என்று பாட்டி பெருமைப்படுவார். எனக்கு அந்தப் பெருமையில் ஒரு பாதிதான் பிடிக்கிறது. சீனர் பெரும்பான்மையாக இருந்த ஊரில் ஒரு தமிழர் மேயராக வந்தார் என்பதுதான் விஷயம். அவரை அங்கே கொண்டுவந்தது 'நம்ம ஆள்' என்ற கணக்கு இல்லை. அந்தக் கணக்குப் போட்டிருந்தால் அவர் வந்திருக்கவே முடியாது.

1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நாடு முழுக்கத் தள்ளிவைக்கப்பட்டன. மறு வருடம், முறைகேட்டுப் புகார்களைச் சொல்லி ஜார்ஜ்டவுன் மன்றத்தின் அதிகாரங்களை மாநில அரசு எடுத்துக்கொண்டது. அந்த மன்றம் சுத்தத் தங்கம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அரசாங்கமே அமைத்த விசாரணை ஆணையம் என்ன சொன்னது தெரியுமா? தேர்தலை வைத்துக்கொள்ளுங்கள் என்றது. தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். நேதாஜியின் ஜான்சிராணிப் படையில் இருந்த ஜானகியின் கணவர். ஜானகியைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியும். அவர் கணவர் 1968-இல் முடித்துக் கொடுத்த அறிக்கையைப் பற்றி நம் மேடைகளில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. அறிக்கை ஓரமாய்ப் போனது. 1976-இல் ஊராட்சிச் சட்டம் வந்தது, அதன் 15ஆவது பிரிவு தேர்தலை ஒரேயடியாக முடித்துவைத்தது.

மறுபடி கொண்டுவரலாமே என்று யாராவது பேச்செடுத்தால், நகரம் ஓர் இனம், கிராமம் ஓர் இனம், தேர்தல் வைத்தால் சண்டை வரும் என்பார்கள். 2018-இல் பிரதமர் மகாதீரும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். இராமநாதனை நினைத்துக்கொண்டால் இந்த வாதம் எனக்கு இறங்க மாட்டேன் என்கிறது. தவிர, அறுபதுகளின் நகரமா இது? எங்கள் பிளாக்கில் மூன்று இனமும் ஒரே லிஃப்டைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

நான் இப்போது இருக்கும் ஊர் பினாங்கு இல்லை. பெயர் வேண்டாம். இதே சட்டத்தின் 23ஆவது பிரிவுப்படி மன்றக் கூட்டத்துக்குப் பொதுமக்கள் போய் உட்காரலாம் என்று தெரிந்ததும் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். பார்வையாளர் வரிசையில் நானும் இரண்டு நிருபர்களும்தான். காவலாளி என்னை எந்தப் பத்திரிகை என்று இரண்டு தடவை கேட்டார்.

உறுப்பினர்கள் மோசமானவர்கள் இல்லை. ஒருவர் வெள்ளத்தைப் பற்றி நன்றாகவே பேசினார். ஆனால் எல்லாருமே மாநில அரசு நியமித்தவர்கள், கட்சி கொடுத்த பட்டியலில் வந்தவர்கள். பேசும்போது மேயர் பக்கம் பார்க்கிறார்கள். எங்கள் வரிசைப் பக்கம் பார்க்க அவர்களுக்கு அவசியமே இல்லை.

அன்றைய பட்டியலில் எங்கள் தெருவும் இருந்தது. சாலையோர அங்காடிக்கடைகளைச் சந்தையின் மேல்மாடிக்கு மாற்றுவது. எண்ணைப் படித்தார்கள், "செத்துஜு" என்றார்கள், அடுத்த எண்ணுக்குப் போனார்கள். பக்கத்திலிருந்த நிருபர் பேனாவைக்கூட எடுக்கவில்லை.

அந்தக் கடைகளில் ஒன்று தோசை அக்காவுடையது. காலை ஐந்தரைக்கு பஸ் ஏறுகிற தொழிற்சாலைப் பிள்ளைகள்தான் அவருக்கு வியாபாரம். அவர்கள் தோசைக்காக மாடி ஏறி இறங்கினால் பஸ் போய்விடும். இதைத் தெரிந்துகொள்ள ஆய்வு ஒன்றும் வேண்டாம், ஒரு நாள் காலையில் அங்கே வந்து நின்றால் போதும். ஓட்டுக் கேட்க வருகிறவன் நின்றிருப்பான்.

அன்று மாலை அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு இன்னும் கடிதம்கூட வரவில்லை.

"யாருகிட்டப்பா போய்ச் சொல்றது?" என்றார்.

எங்கள் பகுதிக்கு என்று ஒதுக்கியிருக்கும் உறுப்பினரின் பெயரைச் சொன்னேன். அக்காவுக்கு அவரைத் தெரியவில்லை. வரிசையில் நின்ற நாலு பேருக்கும் தெரியவில்லை. அடுத்த கூட்டம் மாதக் கடைசியில். அதற்குள் மற்றக் கடைக்காரர்களிடமும் கையெழுத்து வாங்கிவிடலாம் என்றார் அக்கா. மனுவை மலாயில் எழுதும் வேலை என்னுடையது, பாதி முடிந்திருக்கிறது.