காகிதமும் நானும்

பதினோராம் வகுப்பு மாணவி

“உனக்குப் பிடித்த பொழுதுபோக்கு யாது?” என்று கட்டுரை ஏட்டில் எழுதச் சொன்னபோதெல்லாம் ‘தோட்டம் போடுதல்’ என்று எழுதி வந்தவள் நான். உண்மையில் எங்கள் வீட்டில் தோட்டமே கிடையாது. விழுப்புரத்தில் நாங்கள் குடியிருப்பது ஒரு மாடி வீட்டின் பின்கட்டில். எனக்கென்று ஒரு பொழுதுபோக்கு வாய்த்தது ஏழாம் வகுப்பில்தான்.

அவ்வாண்டு கிறிஸ்துமஸ் குடில் அமைக்கும்போது அருட்சகோதரி எங்களுக்குப் பழுப்புத்தாளைக் கசக்கும் வேலையைத் தந்தார்கள். கசக்கிய தாளில் சாயம் தெளித்துச் சட்டத்தின் மேல் விரித்தால் மலையாகிவிடுகிறது! பெத்லகேம் மலையை என் கையால் கசக்கினேன் என்ற பெருமை எனக்கு ஒரு வாரம் இருந்தது. அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு தாளும் தப்பவில்லை. அம்மாவின் மளிகைச் சீட்டு கப்பலாயிற்று. அப்பாவின் மின்கட்டண ரசீது கொக்காயிற்று. அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே விரிக்க வேண்டாம்.

முதலில் கற்றது மடிப்புக்கலை. ‘ஓரிகாமி’ என்பது ஜப்பானியச் சொல். மடித்தல் என்னும் சொல்லும் தாள் என்னும் சொல்லும் சேர்ந்தது. அந்நாட்டுக் கலைஞர் அகிரா யோஷிசாவா (1911–2005) தாளைச் சற்றே நனைத்து மடிக்கும் முறையைப் புகுத்தினார். ஈரத்தில் தாள் வளைந்து கொடுக்கும். உலர்ந்ததும் அதே வடிவில் விறைத்து நிற்கும். நானும் கெட்டியான வரைதாளை நனைத்து ஒரு யானை செய்தேன். பார்த்தவர் அனைவரும் பன்றி என்றனர். ஆனாலும் தாளுக்குள் நீர் புகுந்தால் என்ன நிகழ்கிறது என்ற ஆவல் அன்றுதான் என்னைப் பற்றியது.

தாளுக்கும் மரத்தைப் போல ஓட்டம் உண்டு என்பது நான் கண்ட மற்றொரு விந்தை. செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராகக் கிழியும். குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு போகும். ஆலையில் தாள் ஓடும் திசையிலேயே இழைகள் பெரும்பாலும் படுத்துவிடுவதே காரணம். தோழியரே, ஒரு பழைய நாளிதழை எடுத்து இப்போதே செய்து பாருங்கள். தயவுசெய்து இந்த ஆண்டு மலரைக் கிழிக்க வேண்டாம்.

பிறகு காகிதக்கூழ். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரி மாநிலத்துத் திருக்கனூரின் காகிதக்கூழ் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. அவற்றைப் பார்த்து ஆசைப்பட்டு நானும் மைதாப் பசை காய்ச்சி ஒரு பொம்மை செய்தேன். ஐப்பசி மழையில் அதற்குப் பச்சைத் தாடி முளைத்தது. நோட்டுப் புத்தகம் பைண்டு செய்பவர் ஒருவரிடம் கேட்டேன். பசையில் மயில்துத்தம் சேர்த்தால் பூஞ்சை வராது என்றார். அது நஞ்சு என்று அறிந்ததும் அம்மா பசைச் சட்டியையே வீட்டைவிட்டு வெளியேற்றிவிட்டார்.

ஒன்பதாம் வகுப்பில் புதுச்சேரிக்குச் சுற்றுலா சென்றோம். 1959இல் தொடங்கப்பட்ட அரவிந்தர் ஆசிரமக் கைக்காகித ஆலையை அங்கே கண்டோம். பருத்தித் துணிக் கழிவை அரைத்து, நிறைய நீரில் கலக்கி, சல்லடை போன்ற ஒரு சட்டத்தால் அள்ளுகின்றனர். நீர் வடிய, தாள் தங்குகிறது. பிசின் இல்லாமலே இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. ‘நீரில் பிறந்த தாள் நீரிலேயே பிரியும்’ என்று அன்றிரவு என் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். அந்த வரிதான் என்னைப் பின்னால் தலைகுனிய வைத்தது.

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததை நம் மாவட்டத்தார் யாரும் மறக்கவில்லை. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே இரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் டிசம்பர் 2 அன்று இரயில்கள் நிறுத்தப்பட்டன. திண்டிவனத்தில் தனியே இருக்கும் என் ஆயாவை (எங்கள் பக்கம் பாட்டியை அப்படித்தான் அழைப்போம்) நாங்கள் போய்ப் பார்க்க முடிந்தது டிசம்பர் 7, சனிக்கிழமைதான். வீட்டுக்குள் முழங்கால் அளவு நீர் நின்று வடிந்திருந்தது. ஆயாவுக்கு ஒன்றுமில்லை. கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டிதான் நனைந்துவிட்டது.

பெட்டிக்குள் தாத்தாவின் கடிதங்கள் இருந்தன. 1974 முதல் 1983 வரை தாத்தா பிலாய் உருக்காலையில் வேலை பார்த்தார். அங்கிருந்து ஆயாவுக்கு எழுதிய இன்லண்டுக் கடிதங்கள் நாற்பத்து மூன்று. எல்லாம் நூலால் கட்டியபடி ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தன. அப்பா ஒன்றைப் பிரிக்க முயன்றார், ஓரம் கிழிந்தது.

“விடுங்கப்பா, எனக்குத் தெரியும்” என்றேன்.

எனக்கு என்ன தெரியும்? ஒட்டிய செய்தித்தாள்களை நீரில் போட்டால் அழகாகப் பிரியும் என்று தெரியும். அகலமான பேசினில் தண்ணீர் நிரப்பிக் கட்டு முழுவதையும் மெல்ல இறக்கினேன். தாள்கள் பிரிந்தன. நான் பெருமையோடு நிமிர்ந்தபோது ஆயா சொன்னார்: “பாப்பா, தண்ணி ஊதாவா ஆவுதே.”

அச்சுமை எண்ணெய்ப் பசையுள்ளது; நீரில் கரையாது. மைப்பேனாவின் நீலமோ நீரில் கரையும் சாயம். செய்தித்தாளில் பழகிய எனக்கு அந்த வேறுபாடு தோன்றவே இல்லை. பதறி வெளியே எடுத்தேன். அதற்குள் இருபத்தேழு கடிதங்கள் வெறும் நீலத்தாளாகிவிட்டன. மேலே அச்சடித்த தபால்தலையும் அஞ்சல் முத்திரையும் மட்டும் பளிச்சென்று இருந்தன. தாத்தா பிற்காலத்தில் பால்பாயிண்ட் பேனாவுக்கு மாறியிருக்கிறார். அவை பதினாறும் பிழைத்தன. போனவை எல்லாம் முதல் சில ஆண்டுகளுடையவை. அப்பா பிறந்த செய்தி கிடைத்ததும், இன்ன பெயர் வைக்கவும் என்று தாத்தா எழுதிய கடிதமும் அவற்றில் ஒன்று. அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

செய்ய வேண்டியது என்ன என்பதைப் பிறகு நூலகத்தில் படித்தறிந்தேன். நனைந்த கடிதங்களை மேலும் நனைக்கக் கூடாது. வெயிலிலும் வைக்கக் கூடாது. மை உறிஞ்சும் தாளை இடையிட்டு நிழலில் காற்றாட விடவேண்டும். அவசரமானால் உறையில் இட்டுக் குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் வைத்தாலே கெடாமல் சில நாள் தாங்கும். இதை வாசிக்கும் பெற்றோருக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. ஆயாவும் என்னோடு அதிகம் பேசவில்லை. ஞாயிறு காலை எழுந்து பார்த்தால், அந்த இருபத்தேழு தாள்களையும், வெள்ளத்தில் நனைந்த பழைய நாளிதழ்களையும் கிழித்து அண்டாவில் ஊறப் போட்டிருந்தார். “ஐயோ ஆயா!” என்றேன். “வெறுந்தாள வச்சிக்கினு என்னா பண்றது? அரையாண்டு லீவுல வா, கூடை போடலாம்” என்றார்.

எங்கள் ஊர்ப் பெண்கள் காகிதக்கூழில் கூடை செய்வதும், மூங்கில் முறத்தை அதனால் மெழுகுவதும் பழைய வழக்கம் என்று அப்போதுதான் அறிந்தேன். இத்தனை நாள் நான் ஜப்பானைச் சுற்றிக்கொண்டிருந்தேன், திண்டிவனத்தைக் கேட்கவில்லை.

விடுமுறைக்குள் தாள் நன்றாக ஊறியிருந்தது. நாற்றம் போக அலசிப் பிழிந்தோம். முதல் நாளே ஊற வைத்த வெந்தயத்தைச் சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைத்தோம். வெந்தயத்தின் வழவழப்பு பசையாகிறது. அதன் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பார் ஆயா. என் மைதாப் பொம்மையை நினைத்துக்கொண்டேன். கூழ் வெண்ணெய் போல் வரும்வரை அரைக்க வேண்டும். என் தோள் கழன்றுவிட்டது. பிறகு ஒரு குண்டானைக் கவிழ்த்து, ஈரத்துணி போர்த்தி, அதன்மேல் விரல் கனத்துக்குக் கூழை அப்பினோம். ஆயா தட்டிய பக்கம் ஒரே சீராக இருந்தது. நான் தட்டிய பக்கம் மேடும் பள்ளமும். முதல் இரண்டு நாள் நிழலில் காயவேண்டும். உடனே வெயிலில் வைத்தால் மேல்பக்கம் முந்திச் சுருங்கி வெடிக்கும். அப்புறம்தான் வெயில். கடைசியாகப் புளியங்கொட்டைப் பசையை மேலே பூசினோம்.

கூடை சற்றுச் சாய்ந்துதான் நிற்கிறது. பெரும்பாலும் சாம்பல் நிறம். என் பக்கத்தில் மட்டும் கூழ் சரியாகக் கலக்காமல் அங்கங்கே நீலத் துணுக்குகள் தெரிகின்றன.

பிழைத்த பதினாறு கடிதங்களையும் அப்பா வாங்கி வந்து படித்தார். எனக்கும் படித்துக் காட்டினார். மணியார்டர் வந்ததா, கூரைக்கு ஓலை மாற்றியாயிற்றா, மிளகாய் என்ன விலை, அரிசி என்ன விலை என்றே எல்லாம் இருந்தன.

சென்ற மாதம் ஆயா வீட்டுக்குப் போயிருந்தோம். கூடை அடுப்பங்கரையில், நிறையக் காய்ந்த மிளகாயோடு இருந்தது. “என்னம்மா, அப்பா எழுத்துல மிளகாய் போட்டு வச்சிருக்கியே” என்று அப்பா கேட்டார்.

“அவுரு எழுதனதே பாதி மிளகா வெலைதான்” என்றார் ஆயா.