ஷாஹீன் அடைகாக்கும்

ஷாஹீனைப் போல் வாழுங்கள் என்று நம் ஆண்பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அல்லாமா இக்பாலின் கவிதைகளில் அப்பறவை, உயரப் பறக்கும் உள்ளத்தின் சின்னம். திருச்செந்தூர்க் கடற்கரைக்குப் பொரி வல்லூறு குளிர்கால விருந்தாளியாகவே வரும்; இங்கு முட்டையிடுவதில்லை. அதன் கிளையினமான ஷாஹீனோ இந்தியாவிலும் இலங்கையிலும் நிலையாக வாழ்வது. அதன் இணையொன்றை இலங்கையின் சிகிரியாப் பாறையில் தொலைநோக்கி வழியே கண்டேன்.

ஷாஹீன் சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டுவதில்லை. செங்குத்துப் பாறையின் விளிம்பிலேயே மூன்று நான்கு முட்டைகள் இடுகிறது. ஏறத்தாழ ஒரு மாதம் அடைகாக்க வேண்டும். ஆண் இரை கொணர்ந்து கொடுக்கிறது. பெண் உண்ணச் சென்றதும் தானே முட்டைகளின்மேல் அமர்கிறது. மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் பாயவல்ல பறவை, அங்கே அசையாதிருந்தது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இல்லத்தில் தம் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருந்ததை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரியில் உள்ளது. பிழைப்புக்காகக் கடல் கடக்கும் நம் காயல்பட்டினத்து வாப்பாமார் இரை கொணர்வதில் குறை வைப்பதில்லை. ஊர் திரும்பும் சில வாரங்களிலேனும் பிள்ளையை மடியில் ஏந்தி, இல்லாளுக்கு ஓய்வளிப்பதும் ஷாஹீனின் பண்பே. வல்ல அல்லாஹ் அதனை நமக்கு அருள்வானாக. ஆமீன்.